மாணவர் பத்திரிகை யார் கையில் இருக்க வேண்டும்?

பல்கலைக்கழகத்தில் பத்திரிகை தொடங்குவதற்காக ஒன்றுகூடும் மாணவர்கள் முதலில் பெயரைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்து வடிவமைப்பு, பிறகு பணம். முதன்மை ஆசிரியரை நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் அநேகமாக எழுவதே இல்லை. ஓர் ஆசிரியரை நீக்கிய பிறகுதான் விதிமுறைப் புத்தகத்தைத் தேடுவார்கள். அப்போது பெரும்பாலும் அப்படியொரு புத்தகமே இருக்காது.

பத்திரிகையைப் பல்கலைக்கழக நிர்வாகத்தின் கீழ் நடத்தலாம். மாணவர் பேரவையின் கீழ் நடத்தலாம். தனியாகப் பதிவுசெய்த, லாப நோக்கற்ற அமைப்பாக நடத்தலாம். எந்தப் பதிவும் இல்லாமல் நாலைந்து நண்பர்கள் ஓர் இணையதளமாகவும் நடத்தலாம். நான்கிலும் நல்ல பத்திரிகைகள் வந்திருக்கின்றன, நான்கிலும் பத்திரிகைகள் மூடப்பட்டும் இருக்கின்றன. ஆனாலும் இவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது. எது ஏன் மேலானது என்பதை நடந்தவற்றைக் கொண்டே பார்க்கலாம்.

நிர்வாகத்தின் நிழலில்

இந்த வழியின் வசதிகள் உண்மையானவை. அறை கிடைக்கும், கணினி கிடைக்கும், அச்சுக்கூலியைப் பல்கலைக்கழகம் கட்டிவிடும். அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவர் சம்பளத்துக்கு இருப்பார். ஆசிரியர் குழு ஆண்டுதோறும் மாறினாலும் அவர் இருப்பதால் பழைய பாடங்கள் மறந்துபோவதில்லை. பல நல்ல செய்தியாளர்கள் இப்படிப்பட்ட அறைகளில்தான் தொழில் கற்றார்கள்.

சிக்கல் வரும் நாளில் இந்த வசதி ஒவ்வொன்றும் நிர்வாகத்தின் கைப்பிடியாக மாறும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கவர்னர்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டு நடந்தது இதற்குத் தெளிவான சான்று. நிர்வாகத்தை விமர்சித்து வந்த மாணவர் பத்திரிகையை அங்கிருந்த டீன் நேரடியாகத் தடைசெய்யவில்லை. அச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பல்கலைக்கழக அதிகாரி ஒருவர் படித்து ஒப்புதல் தராமல் இனி எந்த இதழையும் அச்சிட வேண்டாம் என்றார். பணம் வரும் இடத்திலிருந்து வந்த பேச்சு என்பதால் அச்சகத்தார் தயங்கினார்கள். மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பள்ளிப் பத்திரிகைகளைத் தணிக்கை செய்ய இடம் கொடுத்த 1988-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அளவுகோலைக் கல்லூரிப் பத்திரிகைக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்று 2005-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. டீனிடம் இழப்பீடு கேட்க மாணவர்களால் முடியாமல் போனது. பின்னர் அந்த மாநிலமே கல்லூரிப் பத்திரிகைகளைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் வரும்போது, வழக்குத் தொடுத்தவர்களின் மாணவப் பருவம் எப்போதோ முடிந்திருந்தது.

அண்மைக் கதை அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்து மாணவர் பத்திரிகையான இண்டியானா டெய்லி ஸ்டூடன்ட். 1867-இல் தொடங்கிய பத்திரிகை. எதை எழுதுவது என்பதை மாணவர்களே முடிவு செய்தார்கள். நிதியும் ஊழியரும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தன. 2025 அக்டோபரில், முன்னாள் மாணவர்கள் ஊர் திரும்பும் விழா வாரத்துக்கான அச்சிதழில் செய்திகளே வேண்டாம், விழாத் தகவல் மட்டும் போதும் என்றது நிர்வாகம். மாணவர் ஊடகப் பொறுப்பாளர் அதை நிறைவேற்ற மறுத்தார். அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். மறுகணமே அச்சிதழும் நிறுத்தப்பட்டது. எங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு, அந்த மாத இறுதியில் மீண்டும் அச்சிட அனுமதி வந்தது. இணையத்தில் அவர்கள் எழுதியதை நிர்வாகம் தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு வரியையும் வெட்டாமலே ஒரு பத்திரிகையை நிறுத்திவிட முடியும் என்பது அந்த வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

நிறுத்தப்பட்ட அந்த நாட்களில், அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான பர்டூவின் மாணவர் பத்திரிகை எக்ஸ்போனன்ட் ஒரு சிறப்பிதழை அச்சிட்டு, இண்டியானாவின் வளாகத்துக்கே கொண்டுவந்து அங்கிருந்த பத்திரிகைப் பெட்டிகளை நிரப்பியது. அதை எப்படிச் செய்ய முடிந்தது? எக்ஸ்போனன்ட் 1969 முதல் தனி அமைப்பு. அச்சிடுவதற்கு அது யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை.

பேரவையின் கீழ்

நிர்வாகம் வேண்டாம், மாணவர்களின் பிரதிநிதிகளிடமே கொடுத்துவிடலாம் என்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: 1920-இல் தொடங்கிய செர்வெல் தனி நிறுவனத்தின் வெளியீடு, 1991-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஸ்டூடன்ட் மாணவர் பேரவையின் வெளியீடு. சிட்னி பல்கலைக்கழகத்தின் ஹோனி ஸ்வா 1929 முதல் வருகிறது. அதன் ஆசிரியர்களை மாணவர்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு குழுவாக நின்று, பிரசாரம் செய்து, வென்று பத்திரிகையைக் கைப்பற்ற வேண்டும். வாசகர்களே ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் இந்த முறை எனக்குப் பிடித்தமானது. ஆனால் தேர்தலில் வெல்லும் திறமையும் ஒரு செய்தியை மூன்று முறை சரிபார்க்கும் பொறுமையும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் பிலிப்பைன் காலீஜியன் ஆசிரியர் பதவிக்குப் போட்டித் தேர்வு நடத்துகிறது. வாக்கா தேர்வா என்று கேட்டால் நான் தேர்வின் பக்கம் நிற்பேன்.

பேரவையிடம் பத்திரிகையைக் கொடுப்பதில் உள்ள அடிப்படைக் குறை, வளாகத்தில் செய்தியாக வேண்டிய அதிகார மையங்களில் பேரவையும் ஒன்று என்பதுதான். அதன் கையில் பெரும் பணம் புழங்குகிறது. அதன் தேர்தலில் முறைகேடு நடக்கலாம். அதன் தலைவர்களைக் கேள்வி கேட்க வேறு ஆள் இல்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யுபிஸி 1918 முதல் வந்துகொண்டிருந்த பத்திரிகை. 1994-இல் அதை முடக்கியது நிர்வாகம் அல்ல, மாணவர் பேரவை. மறு ஆண்டு மாணவர்கள் வாக்கெடுப்பு நடத்தி, தங்கள் கட்டணத்தில் ஒரு சிறு பங்கைப் பத்திரிகைக்கென்றே ஒதுக்கி, பேரவையிலிருந்து பிரித்துத் தனி அமைப்பாக அதை மீட்டெடுத்தார்கள்.

நிர்வாகத்தைவிடப் பேரவை நெருக்கமானது, அதனாலேயே அதன் அழுத்தம் அதிகம் வலிக்கும். நேற்று கூடச் சாப்பிட்டவர் இன்று வந்து "இந்தச் செய்தியைக் கொஞ்சம் தள்ளிப்போடேன்" என்பார். அந்த நெருக்கத்தை எந்த விதிமுறையாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

தனி அமைப்பு

யேல் டெய்லி நியூஸ் 1878 முதல், ஹார்வர்டு கிரிம்சன் 1873 முதல் வருகின்றன. இவை போன்ற பழைய செல்வந்தப் பத்திரிகைகளைக் காட்டி "தனியாக நிற்க முடியும்" என்று சொல்வது சரியல்ல. சொந்தக் கட்டடமும் தலைமுறை தலைமுறையாக நன்கொடை தரும் முன்னாள் மாணவர்களும் அவர்களுக்கு உண்டு. மோதலில் வெளியேறித் தனியாகத் தொடங்கியவர்களைப் பார்ப்பதே பயன் தரும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டெய்லி கலிஃபோர்னியன் 1971-இல் பிரிந்தது. பல்கலைக்கழக நிலத்தில் போராட்டக்காரர்கள் உருவாக்கி, பின்னர் வேலியிட்டு மூடப்பட்ட மக்கள் பூங்காவை மீட்டெடுங்கள் என்று தலையங்கம் எழுதியதற்காக மூத்த ஆசிரியர்களைப் பல்கலைக்கழகம் நீக்கியது. அந்தச் சண்டையின் முடிவில் பத்திரிகை வெளியே வந்தது. ஸ்டான்ஃபோர்டு டெய்லி 1973-இல் தனியானது. அதற்கு முன்பு, 1971-இல், ஒரு போராட்டத்தின் புகைப்படங்களைத் தேடிக் காவல்துறை அதன் அலுவலகத்தில் புகுந்து சோதனையிட்டது. மாணவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-இல் தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்வி எழுப்பிய கவலைதான் 1980-இல் செய்தி அறைகளைச் சோதனையிலிருந்து காக்கும் கூட்டாட்சிச் சட்டத்துக்கு வழிவகுத்தது.

அதே ஸ்டான்ஃபோர்டு டெய்லி 2022 நவம்பரில், பல்கலைக்கழகத் தலைவர் மார்க் டெசியே-லவீன் இணையாசிரியராக இருந்த ஆய்வுக் கட்டுரைகளின் படங்களில் முறைகேடு இருப்பதாக எழுந்த ஐயங்களை வெளியிட்டது. முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதிய செய்திகள் அவை. விசாரணைக் குழு அமைந்தது. தலைவரே ஆய்வுமோசடி செய்தார் என்று அது சொல்லவில்லை. அவருடைய ஆய்வகங்களில் மற்றவர்கள் தரவுகளில் கைவைத்திருக்கிறார்கள், அவர் பதிவான பிழைகளை உரிய நேரத்தில் திருத்தவில்லை என்றது. 2023 ஜூலையில் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். அதே மாதத்தில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் டெய்லி நார்த்வெஸ்டர்ன், அமெரிக்கக் கால்பந்து அணியில் நடந்த பகடிவதையை வீரர்களின் வாக்குமூலத்தோடு வெளியிட்டது. முதலில் இரண்டு வார இடைநீக்கம் மட்டும் பெற்றிருந்த தலைமைப் பயிற்சியாளர் சில நாட்களில் நீக்கப்பட்டார். அதுவும் தனி வெளியீட்டு நிறுவனத்தின் பத்திரிகை. சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுபவரைப் பற்றி இப்படி எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும் என்று யோசித்துப் பாருங்கள். துணிவு வந்தாலும் அந்தச் செய்தி அச்சகத்தைத் தாண்டி வருமா?

தனி அமைப்பின் இன்னொரு பலத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியும். நிர்வாகத்தின் ஒரு துறையாக இருக்கும் பத்திரிகை அதைச் செய்ய முடியாது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டெய்லி டார் ஹீல் 1989-இல் தனி நிறுவனமானது. பாலியல் தாக்குதலில் குற்றம் உறுதியான மாணவர்களின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளைத் தரவேண்டும் என்று மற்ற ஊடகங்களோடு சேர்ந்து பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டு, 2020-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றது. கென்டக்கியில் நிலைமை தலைகீழ்: பேராசிரியர் ஒருவர் மீதான பாலியல் புகார் ஆவணங்களைக் கேட்ட கென்டக்கி கெர்னல் பத்திரிகையின் மீது பல்கலைக்கழகமே 2016-இல் வழக்குத் தொடுத்தது. 2021-இல் அங்கும் மாணவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. ஐந்தாண்டு வழக்கை நடத்தத் தொடர்ச்சியுள்ள ஓர் அமைப்பு வேண்டும். மாணவர்கள் நான்காண்டில் போய்விடுவார்கள்.

ஆனால் "தனி" என்று பதிவுசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஜார்ஜியாவைப் பார்க்க வேண்டும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ரெட் அண்ட் பிளாக் 1980 முதல் சுதந்திரப் பத்திரிகை. 2012 ஆகஸ்டில் அதன் சொந்த இயக்குநர் குழுவே, மாணவர் அல்லாத ஊழியர் ஒருவருக்கு வெளியீட்டுக்கு முன்பே உள்ளடக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. முதன்மை ஆசிரியரும் பிற ஆசிரியர்களும் ஒன்றாக வெளியேறித் தனியே ஒரு தளத்தைத் தொடங்கினார்கள். சில நாட்களில் குழு இறங்கி வந்தது, மாணவர்கள் திரும்பினார்கள். பல்கலைக்கழகம் இதில் ஒரு விரலையும் அசைக்கவில்லை. இயக்குநர் குழுவில் முன்னாள் மாணவர்களும் ஊடக நிர்வாகிகளும் பெரும்பான்மையாக இருந்து, "எதை வெளியிடுவது என்பதை மாணவர்கள் மட்டுமே முடிவு செய்வார்கள்" என்ற ஒரு வரி சாசனத்தில் இல்லாவிட்டால், வாசலில் நிறுத்திய தணிக்கை கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடும்.

இடமும் ஒரு சிக்கல். 2025-இல் பர்டூ நிர்வாகம், எக்ஸ்போனன்ட் இதழ்களை வளாகத்தில் வினியோகிக்க இனி உதவ முடியாது என்றும் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அறிவித்தது. வெளியே போனாலும் வாசகர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள். பெட்டி வைக்கும் இடம், பெயர் உரிமை இரண்டையும் எழுத்தில் வாங்காமல் பிரியாதீர்கள்.

தனியாக நின்றால் பணம்?

இங்கேதான் முடிவின் பாதி இருக்கிறது. ஒரு காலத்தில் விளம்பரம் போதுமானதாக இருந்தது. வளாகத்தைச் சுற்றி வாடகைக்கு வீடு விடுபவர்கள், உணவகங்கள், வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் எல்லாம் மாணவர் பத்திரிகையைத் தேடி வந்தன. டெய்லி டார் ஹீல் 1993-இல் மாணவர் கட்டணமே வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் எமரால்டு 2012-இல் நாளிதழ் அச்சை நிறுத்தியது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்பெக்டேட்டர் 2014-இல் வார இதழாகச் சுருங்கியது. இரண்டும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தனியாக நின்ற பத்திரிகைகள். விளம்பரத்தை மட்டும் நம்பி இன்று ஒரு மாணவர் பத்திரிகையைத் தொடங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மிஞ்சுவது நன்கொடையும் மாணவர் கட்டணமும். நன்கொடைக்கு முன்னாள் மாணவர்கள் வேண்டும். புதிய பத்திரிகைக்கு அவர்கள் இல்லை. மாணவர் கட்டணத்தை வாக்கெடுப்பின் மூலம் பெறுவதுதான் எனக்குச் சரியெனப் படுகிறது. ஒவ்வொரு மாணவரும் பருவத்துக்கு ஒரு சிறு தொகை தருவார். அது பேரவையின் வரவுசெலவில் கலக்காமல் நேராகப் பத்திரிகையின் கணக்குக்குப் போகும். மாணவர்கள் மறுபடி வாக்களித்தால் மட்டுமே அதை மாற்ற முடியும். யுபிஸி அப்படி மீண்டது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தின் மக்கில் டெய்லி அப்படி நடக்கிறது. நாற்பது ஆண்டுகளாகத் தனியாக நின்ற டெய்லி கலிஃபோர்னியனும் 2012-இல் மாணவர்களிடம் வாக்குக் கேட்டுப் பருவத்துக்கு 2 டாலர் பெற்றது. பத்திரிகைக்குப் பணம் கொடுப்பவரும் அதைப் படிப்பவரும் ஒருவராகவே இருப்பது, ஆசிரியர் குழுவுக்குத் தன் கடமை யாருக்கு என்பதை மறக்கவிடாது.

இதற்கும் ஆபத்து உண்டு. 2019-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு, "அத்தியாவசியமற்ற" கட்டணங்களை மாணவர்கள் விரும்பினால் விலக்கிக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டது. மாணவர் பத்திரிகைகளின் கட்டணமும் அந்தப் பட்டியலில் விழுந்தது. வரும் ஆண்டுக்கு எவ்வளவு பணம் என்று யாருக்கும் தெரியாத நிலையில் பத்திரிகைகள் செலவைச் சுருக்கின. அந்த ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் உத்தரவை ரத்துசெய்தது. 2021-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. ஆகவே ஓராண்டுச் செலவுக்காவது சேமிப்பு இல்லாமல் இந்த வழியில் இறங்குவது பாதுகாப்பல்ல.

பணப் பேச்சில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. கூலி இல்லாத பத்திரிகையில், பகுதிநேர வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லாத மாணவர்கள்தான் கடைசிவரை தாக்குப்பிடிப்பார்கள். இரவு இரண்டு மணிக்குப் பக்கம் முடிப்பவர் மறுநாள் காலைக் கடைவேலைக்குப் போக முடியாது. அதனால் எந்தச் செய்தி கண்ணில் படுகிறது என்பதே மாறிவிடும். விடுதிக் கட்டண உயர்வு யாரைத் தொடுகிறதோ அவர் அந்த அறையில் இருக்க மாட்டார். வசதியுள்ள கிரிம்சன்கூட உதவி தேவைப்படும் தன் மாணவர்களுக்கெனத் தனி நிதி வைத்திருக்கிறது. புதிய பத்திரிகை, அச்சுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை இதற்கு ஒதுக்குவது நல்லது. அச்சா, மனிதர்களா என்றால் மனிதர்கள்தான் முதலில்.

பதிவில்லாத இணையதளம்

தொடங்க இதைவிட எளிதான வழி இல்லை. கேட்க ஆள் இல்லை, செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அவதூறு வழக்கு வந்தால் அமைப்பு என்ற மறைப்பு இல்லாமல் எழுதியவரும் வெளியிட்டவரும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டும். கடவுச்சொல் வைத்திருந்தவர் பட்டம் பெற்றுப் போன கையோடு இறந்த தளங்கள் எத்தனையோ. பழைய செய்திகள் அனைத்தும் அவற்றோடு போயின.

பழைய செய்திகளின் பொறுப்பு இப்போது முன்னெப்போதையும்விடக் கனமாகியிருக்கிறது. 2025 மார்ச்சில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவி ஒருவரை அமெரிக்கக் குடியேற்றத் துறையினர் தெருவில் வைத்துப் பிடித்துச் சென்றார்கள். ஓராண்டுக்கு முன் மாணவர் பத்திரிகையில் அவர் சேர்ந்து எழுதிய கருத்துக் கட்டுரை அதற்குக் காரணமாகப் பேசப்பட்டது. அதன்பின் பல மாணவர் பத்திரிகைகளுக்குப் பெயரை நீக்கச் சொல்லிக் கோரிக்கைகள் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு டெய்லி, தன் வெளிநாட்டு மாணவர்கள் அச்சத்தால் எழுத முடியாமல் இருக்கிறார்கள் என்று அரசின் மீது வழக்கே தொடுத்தது. யார் பெயரை நீக்குவது, எதை வைத்திருப்பது என்பதை நள்ளிரவில் ஒருவர் தனியாக முடிவு செய்யக் கூடாது. கூடிப் பேசி, எழுதி வைத்த கொள்கை ஒன்று வேண்டும். கைக்குழந்தை போன்ற புதிய தளத்துக்கும் இது பொருந்தும்.

என் தேர்வு

தனியாகப் பதிவுசெய்த அமைப்பு, மாணவர் வாக்கெடுப்பில் கிடைத்த கட்டணம், ஆசிரியர் குழுவே தன் முதன்மை ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முறை. மூன்றும் சேர்ந்தால்தான் நான் இதைப் பரிந்துரைப்பேன். மூன்றில் ஒன்று மட்டும்தான் முடியும் என்றால், ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் ஆன உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டும் இல்லாமல்கூட. பல்கலைக்கழகப் பணத்தில் நடந்தும் நேர்மையாக எழுதும் பத்திரிகைகள் இருக்கின்றன. அங்கெல்லாம் அந்த உரிமை மாணவர்களிடம் இருப்பதைக் காணலாம்.

புதிதாகத் தொடங்கும் குழு முதல் நாளே பதிவு அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். இணையதளமாகத் தொடங்குங்கள். இரண்டு பருவம் தொடர்ந்து வெளிவந்து, உங்களைப் படிக்கும் மாணவர்கள் உருவான பிறகு வாக்கெடுப்புக்குப் போங்கள். யாரும் படிக்காத பத்திரிகைக்கு யாரும் வாக்களிக்க மாட்டார்கள். ஆனால் முதல் புலனாய்வுச் செய்தி வெளியாகும் முன் பதிவு முடிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் பத்திரிகை, கோபத்தில் ஒரே நாளில் வெளியேறக் கூடாது. சண்டை இல்லாத அமைதியான ஆண்டுதான் பிரிவதற்கு ஏற்றது. இணையதள முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், அதை மாற்றுங்கள். பழைய இதழ்கள் அனைத்தையும் நகலெடுத்து வளாகத்துக்கு வெளியே வையுங்கள். அச்சகத்தோடு உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் யார், அதை நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு என்று வரிவரியாகப் படியுங்கள். சட்ட உதவிக்கு யாரை அழைப்பது என்று தேவை வரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க மாணவர்களுக்கு 1974 முதல் ஸ்டூடன்ட் பிரெஸ் லா சென்டர் இலவசமாக அந்த ஆலோசனையைத் தருகிறது. இவை கையில் வந்த பிறகு நிதியைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். ஓராண்டில் முடியாவிட்டால் அடுத்த குழுவுக்கு எந்த வேலை எதுவரை வந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தக் குறிப்பைத் தேர்வுக் காலம் தொடங்கும் முன்பே எழுதி முடியுங்கள்.